ஈர்ப்பு விசை வாடகைக்குள் அடக்கம்

சென்ற மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் ஏழு பேர் சுற்றியிருந்து, நான் எழுதிய விண்வெளி நகைச்சுவைத் தொடரின் ஆறாவது பகுதியின் பிரதியை உரக்க வாசித்து முடித்தபோது, கைத்தொலைபேசியின் கடிகாரம் 8 நிமிடம் 50 விநாடி என்று காட்டியது. நான் குறிவைத்திருந்தது 9 நிமிடம். பத்து மாதங்களுக்கு முன்னர் இதே ஹோலில், ஏறத்தாழ இதே ஆட்களுடன், முதலாம் பகுதியின் முதல் வரைவை வாசித்தபோது அது 19 நிமிடங்களைத் தாண்டி ஓடியது. சிரிப்பு வரும் என்று நம்பி நான் எழுதியிருந்த 41 இடங்களில் ஒன்பதில் மட்டுமே யாராவது சிரித்தார்கள். அந்த ஒன்பதிலும் இரண்டு என் தட்டச்சுப் பிழைகளுக்குக் கிடைத்தவை. இந்த இரண்டு வாசிப்புகளுக்கும் இடையில் நடந்ததை, பிழையாகப் போன வழிகளையும் சேர்த்து, வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆறு பகுதிகளும் இப்போது படமாக்கப்பட்டுத் தொகுப்பில் இருக்கின்றன. ஆனால் இது படப்பிடிப்பைப் பற்றியதன்று, பிரதியைப் பற்றியது.

முதல் வரைவு, பூமியைச் சுற்றிவரும் பெரிய விண்கலம் ஒன்றில் வேலை செய்யும் ஐந்து பேரின் கதை. கையில் இருந்த பணம் 80,000 ரூபா. கட்டுப்பாட்டு அறை ஒன்றை அமைக்க என்ன செலவாகும் என்று தச்சுவேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் கேட்டபோது, பிளைவூட், ரெஜிபோம், விளக்குகள், கூலி எல்லாவற்றையும் கூட்டி 285,000 ரூபா என்று ஒரு சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதித் தந்தார். அதுவும் மூன்று சுவர்களுக்கு மட்டும், கூரை தனி. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் நான் கதையை விடவில்லை. விண்கலத்தைக் காட்டாமல் எழுதிவிடலாம் என்று நினைத்து, பெரிய சம்பவங்களையெல்லாம் காட்சிக்கு வெளியே தள்ளினேன். அதன் விளைவாக, பாத்திரங்கள் ஒரு சுவரின் முன்னால் நின்றுகொண்டு, தாங்கள் யன்னலால் எதைக் கண்டோம் என்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வானொலி நாடகமாக இருந்தால் தப்பியிருக்கும். இரண்டு மாதங்கள் இப்படிப் போயின.

என் மைத்துனர்தான், படப்பிடிப்புக்குக் கைத்தொலைபேசியைப் பிடிக்க ஒப்புக்கொண்டிருந்தவர், கதையை மூடிவைத்துவிட்டு இருப்பதை எழுது என்று சொன்னார். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், எங்கள் பெரியம்மாவின் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. 80 பக்கக் கொப்பி ஒன்றுடன் அங்கே போய், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினேன். 14 அடிக்கு 11 அடி அறை. கம்பி போட்ட யன்னல் ஒன்று. இரும்புக் கட்டில். பிளாஸ்ரிக் கதிரைகள் மூன்று. வேகம் குறைக்க முடியாத மின்விசிறி. அடைப்பு எடுத்தும் எடுக்காமலும் இருக்கும் குளியலறை. மூடி தளர்ந்த ரைஸ் குக்கர். எதற்கு என்று யாருக்கும் தெரியாத சுவிட்ச் ஒன்று உள்ள மின் பலகை. மொட்டை மாடிப் படிக்குப் போகும் தகரக் கதவு. எல்லாமாக 37 பொருட்கள் வந்தன. கதை அந்தச் சுவிட்சில் இருந்தது.

வாடகைக்கு வந்த இரண்டு பேர், குகன், மிதுலா என்ற உடன்பிறப்புகள், அந்தச் சுவிட்சைப் போடுகிறார்கள். அனெக்ஸ் மட்டும் வீட்டிலிருந்து கழன்று மேலே போகிறது. அது எப்போதோ வந்து இறங்கிய விண்கலம். அதற்கு அளவாகச் சுவர் கட்டி, வெள்ளையடித்து, வீட்டுக்கார பூமணி அன்ரி வாடகைக்கு விட்டிருக்கிறார். விண்வெளிக்குப் போனாலும் வாடகை ஓடிக்கொண்டுதானே இருக்கும். எனக்குத் தேவைப்பட்ட செட் முழுவதும் ஏற்கனவே கட்டப்பட்டு, கரண்ட் பில்லும் கட்டப்பட்ட நிலையில் நின்றது.

அடுத்த தடை, மிதப்பது. விண்வெளியில் மனிதர் மிதப்பார்கள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். கம்பியில் தொங்கவிட எங்களிடம் பணமும் இல்லை, துணிவும் இல்லை. செயற்கை ஈர்ப்பு எப்படி உண்டாகிறது என்று மிதுலா விளக்குவதாக ஒன்றேகால் பக்கம் எழுதினேன். வாசிப்பில் அந்த இடத்தில் ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். நான்காம் முறை திருத்தியபோது அந்த ஒன்றேகால் பக்கமும் வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியாகச் சுருங்கியது: ஈர்ப்பு விசை வாடகைக்குள் அடக்கம், தண்ணீரும் மின்சாரமும் புறம்பு. கொழும்பில் ஒரு முறையாவது அனெக்ஸ் எடுத்து இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாம் பகுதியில் வாடகை பிந்தும்போது அன்ரி ஈர்ப்பை நிறுத்திவிடுவதாக மிரட்டவும் இந்த ஒரு வரியே உதவியது. அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: கற்பனை உலகத்தின் விதி எதுவானாலும் ஒரு வரிக்குள் சொல்லப்பட வேண்டும், அந்த வரி யாரோ ஒருவருக்குப் பணச் செலவையோ வெட்கத்தையோ தர வேண்டும். தராவிட்டால் வெட்டிவிடுவேன்.

நேரக் கணக்கில் நான் செய்த பிழை மிகச் சாதாரணமானது. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கை எங்கோ படித்து அப்படியே நம்பியிருந்தேன். அது ஆங்கிலத் திரைக்கதைகளில் கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், வசனத்தை நடுவில் ஒடுக்கி எழுதும் முறைக்குரிய தோராயக் கணக்கு. நானோ யூனிகோட் எழுத்துருவில், 11 புள்ளியில், தாளின் விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பியிருந்தேன். 13 பக்கம் 19 நிமிடமாகப் போனதில் வியப்பில்லை. பிறகு பக்கத்தைக் கைவிட்டுச் சொற்களை எண்ணத் தொடங்கினேன். மூன்று காட்சிகளை நடிகர்களைக் கொண்டு வாசிக்கச் செய்து, நிறுத்தங்களையும் சேர்த்து அளந்தபோது, எங்கள் ஆட்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 சொற்கள் வந்தன. ஒன்பது நிமிடத்துக்கு 855 சொற்கள். அதில் ஒரு நிமிடத்தைச் சொல்லில்லாத செயல்களுக்கு ஒதுக்கினால் 760. அந்த எண்ணைக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வைத்தேன். இது எங்கள் நடிகர்களின் கணக்கு. வேறொருவர் தம் ஆட்களை வைத்துத் தாமே அளந்துகொள்வது நல்லது.

கோப்புகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. குகனாக நடித்தவர் தம் அலுவலகக் கணினியில், யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் திருத்தங்களைத் தட்டி அனுப்பினார். கைத்தொலைபேசியில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்தும் கலந்த குவியல் ஒன்று தெரிந்தது. மாற்றி எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் மாற்றியபோது சில எழுத்துகள் பிழைத்தன, அப்படிப் பிழைத்த வசனம் ஒன்றை மிதுலாவாக நடித்தவர் மனப்பாடமும் செய்துவிட்டார். அன்றிலிருந்து திருத்தங்களைக் குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். இன்னொரு விதத்திலும் அது நன்மையாயிற்று. வாயால் சொல்ல முடியாத வசனம் எதுவும் குரல் பதிவில் வந்து சேருவதில்லை.

வாசிப்புக்கு நான் பயன்படுத்திய முறை இது. என் பிரதியில் யாராவது சிரித்த வரிக்கு வட்டம், புன்னகையோடு நின்றுவிட்ட வரிக்கு அரைவட்டம், அமைதிக்குப் புள்ளடி. வாசிக்கும் நடிகர் தாமே சிரித்தால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு வாசிப்புகளில் தொடர்ந்து புள்ளடி வாங்கிய வரி, எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், போய்விடும். இப்படிப் போனவற்றை வேறொரு கொப்பியில் சேர்த்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒன்றையும் திரும்ப எடுக்க நேரவில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். பெயர்கள் இருக்கும் இடது ஓரத்தைக் கடதாசிக் கீற்று ஒன்றால் மறைத்துவிட்டு, எந்த வரி யாருடையது என்று தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியிருக்கும் நடுத்தர வயதுக்காரரைப் போல, அதாவது என்னைப் போலவே, பேசினார்கள். கீழ்வீட்டில் குடியிருக்கும் அட்டன்காரப் பையன் ஒருவன் கதையில் உண்டு. அவன் வாயிலும் ‘வாறன்’ என்றே எழுதியிருந்தேன். அவனாக நடித்தவர் மலையகத்தைச் சேர்ந்தவர். பிரதியை வாங்கிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல், பேனாவால் எல்லாவற்றையும் ‘வர்றேன்’ ஆக்கித் திருப்பித் தந்தார். அவருடைய வரிகளை அதன் பிறகு நான் எழுதவில்லை. அவன் என்ன செய்ய விரும்புகிறான் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்தேன், பேச்சை அவர் சொல்லிக் காட்டினார்.

இரண்டாம் பகுதியில் அனெக்ஸ் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பூமியோடு சேர்ந்து சுழல்வதால் தரையிலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் பாதை, நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பாதையில் செய்தித்தொடர்புக்கான நிலையங்களை நிறுத்தலாம் என்று 1945ஆம் ஆண்டில் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பிற்காலத்தில் இதே கொழும்பில் வாழ்ந்து 2008இல் இங்கேயே காலமானார். ஆகவே இந்த உயரத்தை விடுவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அனெக்ஸ் நேரே வெள்ளவத்தைக்கு மேலே நிற்கிறது என்று எழுதிவிட்டேன். பிரதியைப் பார்த்த பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர், அப்படி நிற்க முடியாது என்றார். அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டுமே உண்டு. கொழும்பு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கிறது. ஆகவே இங்கிருந்து பார்ப்பவருக்கு அது உச்சியிலிருந்து சுமார் 8 பாகை தெற்கே சரிந்துதான் தெரியும். முதலில் எரிச்சல் வந்தது. பிறகு அந்தத் திருத்தத்தை அப்படியே அன்ரியிடம் கொடுத்துவிட்டேன். மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தபடி அவர் தொலைபேசியில் கேட்கிறார்: “காணி எல்லை எனக்குத் தெரியாதோ தம்பி? என்ர வளவுக்கு நேர மேல நில்லுங்கோ. ஏன் தெற்குப் பக்கம் தள்ளி நிக்கிறியள்? அது பக்கத்து வீட்டுக்காரன்ர ஆகாயம்.” முழுத் தொடரிலும் எல்லா வாசிப்புகளிலும் வட்டம் வாங்கிய வரி இது ஒன்றுதான்.

தொலைபேசிக் காட்சிகளே எனக்கு அதிக நாட்களைத் தின்றவை. அந்த உயரத்துக்குப் பேச்சு போய்த் திரும்ப ஏறத்தாழ கால் விநாடி போதும். அது நகைச்சுவைக்குக் காணாது, கேட்பவருக்கு லைன் சரியில்லை என்றுதான் தோன்றும். நான்காம் பகுதியில் அனெக்ஸ் சந்திரனுக்குப் போய்விடுகிறது. சராசரித் தூரம் 384,400 கிலோமீற்றர்; ஒளியைப் போலவே வானலையும் ஒரு வழிக்கு 1.3 விநாடி எடுக்கும். கேள்வி போய் விடை வர 2.6 விநாடி. முதலில் நான் எழுதியது, ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ‘சிறு நிறுத்தம்’ என்று போட்ட சாதாரண உரையாடல். வாசித்தபோது, நடிகர்கள் வசனத்தை மறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிழை எங்கே என்பது, பெரிய தாள் ஒன்றில் அன்ரியின் கடிகாரத்தையும் குகனின் கடிகாரத்தையும் இரண்டு நிரல்களாக வரைந்து, அரை விநாடிக்கு ஒரு கோடு போட்டு, வசனங்களைச் சாய்கோடுகளால் இணைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அன்ரி காத்திருக்கும் ஆள் அல்லர். இரண்டு விநாடிக்குள் விடை வராவிட்டால் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவார். அப்படியானால் முதற் கேள்வியின் விடை இரண்டாம் கேள்வியின் காலடியில் வந்து விழும். அதை வைத்து எழுதிய காட்சியை அப்படியே தருகிறேன்.

“ஃபானை நிப்பாட்டிப்போட்டியளோ தம்பி?” என்று அன்ரி கேட்கிறார். அமைதி. “சரி, அப்ப வாடகைக் காசு மாதா மாதம் ஒழுங்கா வருமோ?” என்கிறார். குகனின் குரல் வருகிறது: “அதை நிப்பாட்டி ரெண்டு நாளாச்சு, அன்ரி.” அன்ரியின் முகம் மாறுகிறது. “அப்பிடியெண்டால் அனெக்ஸை விட்டு எழும்பப்போறியளோ?” குகன், மிக உற்சாகமாக: “ஓம் அன்ரி, அதில ஒரு குறையும் வராது.”

இங்கே நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. இந்தக் காட்சியை இரண்டு பக்கமும் மாறி மாறிக் காட்டுவதாகவே முதலில் எழுதியிருந்தேன். அப்போது எந்த விடை எந்தக் கேள்விக்குரியது என்பது பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது, சிரிப்பு வரவில்லை. பிறகு கமெராவை அன்ரியின் விறாந்தையிலேயே நிறுத்திவிட்டு, குகனின் பக்கத்தை ஒரு முறைகூடக் காட்டாமல் எழுதினேன். அவர் எப்போது கேட்கிறாரோ அப்போதுதான் நமக்கும் கேட்கிறது. இதனால் அரை நாள் படப்பிடிப்பும் மிச்சமாயிற்று. 2.6 விநாடி என்ற அளவைத் தொகுப்பில் நாங்கள் கூட்டவோ குறைக்கவோ இல்லை. சோதனைக்கு 4 விநாடியாக நீட்டிப் பார்த்தோம். பார்த்த மூவரும் இணைப்பு அறுந்துவிட்டது என்றார்கள்.

ஐந்தாம் பகுதியில் செவ்வாய்க்குப் போகும் எண்ணம் இருந்தது. அங்கே ஒரு வழிக்கே, கோள்கள் நிற்கும் நிலையைப் பொறுத்து, மூன்று நிமிடத்துக்கு மேலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். தொலைபேசி அழைப்பு அங்கே செத்துவிடும். எல்லாம் குரல் பதிவாக மாற வேண்டும். எழுதிப் பார்த்தேன், இரண்டு பேர் மாறி மாறித் தனியே பேசிக்கொண்டிருந்தார்கள். கைவிட்டுச் சந்திரனிலேயே இருந்துவிட்டோம்.

அறிவிப்புப் பலகையின் கதை வேறு. முதல் வரைவில், விண்கலம் பேச வேண்டும், இலங்கையின் விண்கலம் என்பதால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் அறிவிக்க வேண்டும், ஆபத்து வர இன்னும் பத்து விநாடியே இருக்கும்போது சிங்கள அறிவிப்பு எட்டு விநாடியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். மிதுலாவாக நடித்தவர், “எங்களுக்குச் சிங்களம் விளங்கும்தானே, பிறகு ஏன் தமிழுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறம்?” என்று கேட்டார். பதில் இல்லை. வெட்டினேன்.

ஆனால் முதல் வாசிப்பில் சிரிப்பு வாங்கிய இரண்டு தட்டச்சுப் பிழைகளில் ஒன்று அந்தப் பக்கத்திலேயே கிடந்தது. கலத்தின் கதவு ஒன்றின் மேல் ‘அவசர வழி’ என்று பலகை இருப்பதாக எழுத நினைத்து, ‘அவசர வளி’ என்று தட்டியிருந்தேன். எங்கள் பேச்சில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஏறத்தாழ ஒன்றேதான். பல மாதங்கள் கழித்து, நான்காம் பகுதிக்கு மையம் கிடைக்காமல் கொப்பியைப் புரட்டியபோது, அது பிழை அன்று, கதை என்று பட்டது. அனெக்ஸில் காற்றுக் குறைகிறது. தகரக் கதவின் மேல் உள்ள பலகையில் ‘அவசர வளி’ என்று இருக்கிறது. கதவுக்கு அப்பால் மேலதிகக் காற்று வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது எழுத்துப் பிழையோடு எழுதப்பட்ட வெளியேறும் வழியா? முதலாவது என்றால் திறக்க வேண்டும். இரண்டாவது என்றால் திறந்தால் சாவு. பொதுப் பலகைகளில் தமிழ் எழுத்துப் பிழைகளைப் பார்த்துப் பழகிய குகன் அது பிழைதான் என்கிறான். தமிழ் ஆசிரியையின் மகளாகிய மிதுலா, எழுதியவருக்கு ளகர ழகர வேறுபாடு தெரிந்திருக்கும் என்று நம்ப விரும்புகிறாள். அம்மா ஒருவர், வளர்ப்பு வேறு. எழுதியவரைக் கண்டுபிடித்துக் கேட்பதற்காக அவர்கள் பூமணி அன்ரியை அழைக்கிறார்கள், 2.6 விநாடித் தாமதத்தோடு. பிரதியில் இரண்டு சொல்லையும் பிரித்துக் காட்டத் தேவையில்லாமல், பேச்சில் அது எப்போதும் மயங்கியே நின்றது. அந்த 760 சொற்களையும் ஒரே இரவில் எழுதினேன். மற்ற எந்தப் பகுதியும் மூன்று கிழமைக்குக் குறைவாக எடுக்கவில்லை.

எழுதும்போது நினைத்துப் பார்க்காத எதிரி, ரயில். கரையோரப் பாதை அந்த ஒழுங்கையின் முடிவில்தான் ஓடுகிறது. ஒத்திகையில் நான்கு காட்சிகளை ரயில் கெடுத்த பிறகு, பிரதியின் முதற்பக்கத்தில் நிலையான குறிப்பு ஒன்று சேர்த்தேன்: எக்காட்சியிலும் ரயில் சத்தம் கேட்டால், பாத்திரங்கள் எந்த வசனத்தில் நின்றாலும் நிறுத்தி, கிட்டவுள்ள பொருளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். விண்வெளியில் கலம் குலுங்குவதற்கு இதைவிட மலிவான வழி கிடைத்திராது. படப்பிடிப்பின் மூன்றாம் நாள் ஒரு மணி நேரம் ரயிலே வராமல் போய், நாங்கள் காத்திருந்தோம்.

வேற்றுக்கிரகவாசிக்கு முகமூடி செய்யும் முயற்சி கொழும்பு வியர்வையில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தப் பாத்திரத்தை ரைஸ் குக்கருக்கு மாற்றினேன். சுவிட்ச் ‘டக்’ என்று மேலே எழும்பும் ஓசையே அதன் முழு மொழியும். அட்டன்காரப் பையன் மொழிபெயர்க்கிறான்.

மூன்றாம் பகுதியில், கலத்தின் மின்சாரத்தைப் பல்லி ஒன்று முழுமையாக நிறுத்திவிடுவதாக எழுதி வைத்திருந்தேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்று துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சொன்னார். மறுநாள் காலை என் பல்லி மிகவும் கூச்சப்பட்டுப் போயிருந்தது. அதை வைத்திருந்தால் குரங்கைப் பார்த்து எழுதியது என்றுதான் யாரும் சொல்வார்கள். எடுத்துவிட்டு, அன்ரி முன்பணம் இல்லாமல் மெயின் சுவிட்சைத் திருப்பமாட்டேன் என்று நிற்பதாக மாற்றினேன்.

பூமணி அன்ரியாக நடித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. சனிக்கிழமை பிற்பகல் மட்டுமே வர முடியும் என்றார். ஆகவே அவருடைய ஆறு பகுதிக் காட்சிகளையும் ஒரே விறாந்தையில், ஒரே பிற்பகலில் எடுக்கக்கூடியதாகத் திருப்பி எழுதினேன். சீலை மாற்ற நேரம் இல்லாததால், தோளில் போடும் துவாய் மட்டும் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. நான் அவருக்குக் கடுமையான ஏச்சுகளை எழுதியிருந்தேன். அவர் அவற்றைச் சொல்ல மறுத்துவிட்டு, தாமே மாற்றிச் சொன்னார்: “நீங்கள் எங்கை போனாலும் எனக்குக் காரியமில்லை, பிள்ளை. போகேக்க கேற்றைப் பூட்டாமல் போனது சரியோ?” என் வரிகள் ஒன்றும் அதற்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

செலவு இப்படி வந்தது. எட்டுப் பேருக்கு நான்கு நாள் சாப்பாடும் தேநீரும் 38,400. பொருட்கள் 14,250, அதில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய எல்ஈடி நாடாக்களே பெரும்பகுதி. ஒலிவாங்கி வாடகை நாளுக்கு 3,000 வீதம் 12,000. ஓட்டோவும் பஸ்ஸும் 9,500. பக்கம் 10 ரூபாவாக 546 பக்கம் போட்டோக் கொப்பி 5,460. அச்சடித்த பலகைகள் மூன்று, 2,800. மொத்தம் 82,410 ரூபா. 2,410 ரூபாவால் மிஞ்சிவிட்டது. போட்டோக் கொப்பிச் செலவில் ஏறக்குறைய பாதி, திருத்திய ஒரு பக்கத்துக்காக முழுப் பிரதியையும் மறுபடி எடுத்த என் சோம்பலின் விலை. பிற்பாடு திருத்திய பக்கத்தை மட்டும் முதல் முறை நீலத்தாளிலும் இரண்டாம் முறை இளஞ்சிவப்பிலும் எடுத்துச் செருகப் பழகினோம். திரைத்துறையில் நெடுங்கால வழக்கம்தான், எனக்குத்தான் பிந்தி எட்டியது.

அடுத்த முறை பொருட்பட்டியலை முதல் நாளே எழுதுவேன். அந்த இரண்டு மாதமும் மிஞ்சும். முதல் வாசிப்பை முழுப் பிரதிக்கு வைக்காமல், இரண்டு காட்சிகள் தேறியதுமே வைப்பேன். தொலைபேசிக் காட்சிகளுக்கு அந்த இரு நிரல் தாளை எழுதும் முன்பே வரைவேன். ரைஸ் குக்கருக்கு இன்னும் கொஞ்சம் வசனம் கொடுப்பேன். குளியலறையில் ஒரு காட்சியும் வைக்கமாட்டேன், எதிரொலியால் அங்கே எடுத்த எதுவும் தேறவில்லை.

படப்பிடிப்பு முடிந்ததும் பலகைகளைக் கழற்றினோம். தகரக் கதவின் மேல் ஒட்டியதைக் கழற்றும்போது வெள்ளைப் பூச்சும் சேர்ந்து உரிந்ததால் பாதியில் விட்டுவிட்டு வந்தோம். பூச்சுக்கு 1,800 ரூபா கேட்டார்கள். மேலே சொன்ன கணக்கில் அது இல்லை. பூச ஆள் அனுப்பட்டுமா என்று சென்ற கிழமை பெரியம்மாவிடம் கேட்டபோது, வேண்டாம் என்றார். அனெக்ஸுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அந்தப் பலகை அப்படியே இருக்கட்டும் என்றாராம். அந்தக் கதவைத் திறந்து வைத்தால்தான் பின்னேரத்தில் அறைக்குக் கடற்காற்று வருகிறதாம்.